பாய்மரப் படகுப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் படியுங்கள்: 722 பவுண்டு போன கதை

இங்கிலாந்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்க நினைக்கும் நம்மவர்களுக்கு, எந்தப் பயிற்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வயிற்றெரிச்சல் முந்திக்கொள்கிறது. 722 பவுண்டு! போன வாரம் சவுத்தாம்ப்டன் பக்கம் போய், அவ்வளவையும் கடலில் கரைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பயிற்சிப் பள்ளிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் இணையதளம். பெயர் வேண்டாம், வம்பு. அதில் இரண்டு பயிற்சிகள் கண்ணில் பட்டன. படகில் காலே வைக்காதவர்களுக்கு ‘காம்பிடென்ட் க்ரூ’: கயிறு இழுக்க, முடிச்சுப் போட, சுக்கான் பிடிக்கக் கற்றுத்தருவார்கள். அடுத்த படி ‘டே ஸ்கிப்பர்’: பகலில், பழகிய கடலில், சிறிய படகுக்கு நீங்களே பொறுப்பு. இரண்டும் பிரிட்டனின் தேசியப் படகோட்ட அமைப்பான ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்த பாடத்திட்டங்கள். எதில் சேர்வது என்று கேட்கத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

பேசிய இளைஞரின் குரலில் தேன் வழிந்தது. என் பெயரைக் கேட்டதும், “நீங்கள் தமிழரா? கட்டுமரம் உங்கள் சொல்தானே? எங்கள் ‘காட்டமரான்’ அதிலிருந்து வந்ததுதானே!” என்றார். இந்த நாட்டுக்கு வந்து பதினொரு ஆண்டுகளில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் பிறந்து வளர்ந்தது ஈரோட்டில். காவிரியில் வெள்ளம் வந்தால் அதுதான் எங்களுக்குக் கடல். ஆனாலும் அந்த நொடியில், என் பாட்டன் பூட்டனெல்லாம் சோழர் கப்பலில் துடுப்புப் போட்டவர்கள் போல நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “உங்களுக்குத் தொடக்கநிலை எதற்கு? நேராக டே ஸ்கிப்பரில் சேருங்கள். முன் அனுபவமே தேவையில்லை” என்றார். கட்டணம் 760. கிரெடிட் கார்டு இல்லாமல் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் ஐந்து சதவீதம் தள்ளுபடியாம். 38 பவுண்டு மிச்சம் பிடித்த பெருமையோடு அன்றிரவே 722ஐ அனுப்பினேன்.

படகில் பையை வைத்ததும் பயிற்றுநர் அம்மையார் தேநீர் கொடுத்தார். பிறகு மேஜையில் கடல் வரைபடத்தையும், கடல்மட்டம் ஏறி இறங்கும் நேர அட்டவணையையும் விரித்தார். “மாலை ஆறு மணிக்கு இந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்?” இங்கிலாந்துக் கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவிலுள்ள சோலண்ட் நீரிணை அது. கணக்குத் தவறினால் படகு மணல்திட்டில் உட்கார்ந்துவிடும். மற்ற மூவரும் பென்சிலை எடுத்துக் கோடு போடத் தொடங்கினார்கள். அவர்கள் ஏறத்தாழ 40 மணி நேரக் கோட்பாட்டு வகுப்பை முடித்துவிட்டு வந்தவர்கள். நான் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தேன். அதன் பின்பக்க ரப்பரைக் கடித்தே தின்றுவிட்டேன்.

“உங்கள் பதிவேட்டைக் காட்டுங்கள்” என்றார். டே ஸ்கிப்பர் செய்முறைக்கு வருகிறவர் முன்பே 5 நாள் படகில் இருந்து, 100 கடல் மைல் சென்று, 4 மணி நேர இரவுப் பயணமும் பார்த்திருக்க வேண்டுமாம். என் கணக்கில் ரெடிங்கிலிருந்து வந்த ரயில் பயணம்தான் இருந்தது. பாவம், அவருக்கே சங்கடம். “இந்த வாரம் இந்தப் படகில் தொடக்கநிலை நடக்கவில்லை. பயணியாக வேண்டுமானால் வாருங்கள், சான்றிதழ் கிடையாது” என்றார். இரண்டு நாள் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். 722 பவுண்டுக்குத் தேநீர்! மூன்றாம் நாள் இறங்கிவிட்டேன்.

அந்த இணையதளத்தை அழைத்தால், “பள்ளியைக் கேளுங்கள்.” பள்ளியைக் கேட்டால், “பணம் வாங்கியவர்களைக் கேளுங்கள்.” தேன் குரல் இளைஞர் விடுப்பில் இருக்கிறாராம். எப்போது வருவார்? தெரியாதாம். ஐந்தாவது மின்னஞ்சலுக்குத்தான் பதில் வந்தது: தகுதியைச் சரிபார்ப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு, அது நிபந்தனைகளில் இருக்கிறது, தொலைபேசிப் பேச்சு எதுவும் பதிவில் இல்லை. ஆறுதலுக்கு, அடுத்த பயிற்சியில் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அடுத்த பயிற்சியாம்!

வங்கி, “நீங்களாக விரும்பி அனுப்பிய பணம்” என்று கைவிரித்துவிட்டது. என் மனைவி ஒரே வரியில் முடித்தாள்: “கட்டுமரம் என்றான், நீங்கள் கவிழ்ந்துவிட்டீர்கள்.”

விளக்கமாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. அவசரத்துக்குச் சில மட்டும். அனுபவம் இல்லையென்றால் காம்பிடென்ட் க்ரூ, யார் என்ன புகழ்ந்தாலும் சரி. இடைத்தரகர் வேண்டாம், பள்ளியை நேரடியாக அழைத்து, படகு ஓட்டுகிறவரிடமே பேசுங்கள். அங்கீகாரம் உண்டா என்பதை அசோசியேஷனின் பட்டியலில் பாருங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். மத்தியதரைக் கடலில் மலிவாக முடிக்கலாம் என்பார்கள். அங்கே கடல்மட்டம் பெரிதாக ஏறி இறங்காது, அப்படிப்பட்ட கடலில் கற்றவர் என்றே சான்றிதழிலும் குறிப்பார்கள். சொன்னதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள்: 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை என்றால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைச் சொல்லி கார்டு நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கவாவது வழி உண்டு. 38 பவுண்டுக்கு ஆசைப்பட்டு அந்த வழியை நானே அடைத்துக்கொண்டேன்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். ஆறாவது மின்னஞ்சல் பாதியில் நிற்கிறது.