சுபிக்கா, கிளார்க்கா?

பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை விட்டுப்போன இரண்டு பெரிய தளங்களும் இன்று வரிச்சலுகை மண்டலங்கள். சுபிக் கடற்படைத் தளம், கிளார்க் விமானப்படைத் தளம். 1991 ஜூனில் பினட்டுபோ எரிமலை வெடித்து இரண்டையும் சாம்பலால் மூடியது, செப்டம்பரில் அமெரிக்கப் படை தொடர்ந்து தங்குவதற்கான புதிய தள ஒப்பந்தத்தை பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்று நிராகரித்தது. கிளார்க் அந்த நவம்பரிலும் சுபிக் அடுத்த நவம்பரிலும் கைமாறின.

கைமாறிய விதத்திலேயே வித்தியாசம் ஆரம்பித்துவிட்டது. கிளார்க்கில் கொள்ளையர்கள் கதவு, ஜன்னல், ஒயர் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். சுபிக்கில் அது நடக்கவில்லை. பக்கத்து ஊரான ஒலோங்காபோவின் மேயர் ரிச்சர்ட் கோர்டன் திரட்டிய ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள், தளம் போனதால் வேலை போனவர்கள் உட்பட, சம்பளமில்லாமல் காவல் நின்றார்கள். இந்தக் கதையில் என்னை அதிகம் அசைத்த விஷயம் இதுதான்.

அப்படிப் பார்த்தால் சுபிக்தான் தொழிலில் முந்தியிருக்க வேண்டும். முதலில் முந்தவும் செய்தது. 1995-ல் சரக்கு விமான நிறுவனமான ஃபெடெக்ஸ் தன் ஆசிய மையத்தை அங்கே அமைத்தது, 1996-ல் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாடு நடந்தது. ஆனால் 2009-ல் ஃபெடெக்ஸ் சீனாவின் குவாங்சோவுக்குப் போய்விட்டது, அப்புறம் பல்லாயிரம் பேருக்கு வேலை தந்த ஹான்ஜின் கப்பல் கட்டும் தளமும் 2019-ல் கடனில் மூழ்கியது. பெரிய நிறுவனம் ஒன்று போனாலே ஊர் ஆடிப்போகிறது. கிளார்க்கில் அந்தப் பயம் குறைவு, ஏனென்றால் அது பரந்த சமவெளி, அருகருகே இரண்டு நீளமான ஓடுபாதைகள், மணிலாவுக்கு நேரான நெடுஞ்சாலை. சிப் தயாரிக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாதிரி நிறுவனங்கள் வந்தன, 2022-ல் புதிய விமான முனையமும் திறந்தது. சுபிக் விமான நிலையமோ மலையை வெட்டிக் கடலைத் தூர்த்துப் போட்டது. அதை எங்கே நீட்டுவது? தொழிலுக்கு என் ஓட்டு கிளார்க்குக்குத்தான்.

சுற்றிப் பார்க்க என்றால் யோசிக்கவே வேண்டாம், சுபிக். வெடிமருந்துக் கிடங்குகளுக்காகக் கடற்படை வேலிபோட்டு வைத்திருந்ததால் காடு வெட்டுப்படாமல் தப்பியது. அந்தக் காட்டின் உயரமான மரங்களில் பகலில் பெரிய பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும். ஒரு காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் காட்டில் பிழைக்கக் கற்றுக்கொடுத்த ஏட்டா பழங்குடியினர், மூங்கிலை வெட்டி அதிலேயே சோறு வடிப்பதைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்துகாட்டுகிறார்கள். விரிகுடாவின் அடியில், ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று 1941 டிசம்பரில் அமெரிக்கர்களே மூழ்கடித்த 'நியூயார்க்' போர்க்கப்பல் கிடக்கிறது, முக்குளிப்பவர்கள் அதைப் பார்க்கவே வருகிறார்கள். கிளார்க்கில் பழைய அணிவகுப்பு மைதானத்தையும் அதைச் சுற்றிய அதிகாரிகள் வீடுகளையும் ஒரு மாலையில் நடந்து பார்த்துவிடலாம்.

நேரம் இருந்தால் கிளார்க்கில் விமானம் இறங்கி, எஸ்சிடெக்ஸ் சுங்கச்சாலையில் சுபிக்குக்குப் போய் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். ஒரே நாளில் திரும்பினால் கடலையோ காட்டையோ ஒன்றை விட்டுவிட வேண்டியிருக்கும்.