நடைமுறை மூலதனத்துக்குத் தவணைக் கடனா, ஓவர்டிராஃப்டா?

அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடச் செலவுகளை நடத்தப் பணம், தேடியபோது எனக்கு மூன்று வழிகள் இருந்தன: வங்கியின் தவணைக் கடன், தாள் விற்பவரிடம் கடனுக்கு வாங்குவது, ஓவர்டிராஃப்ட் வரம்பு (கணக்கில் பணம் இல்லாதபோதும் வங்கி அனுமதித்த அளவுவரை எடுத்து, பணம் வந்ததும் கட்டும் வசதி). நான் எடுத்தது ஓவர்டிராஃப்ட். இன்றும் என் சாய்வு அந்தப் பக்கமே. இயந்திரம் வாங்க இது உதவாது. பல ஆண்டுகள் உழைக்கும் பொருளுக்குப் பல ஆண்டுத் தவணைதான் சரி.

வட்டி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன், கையிலிருந்து போகும் பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். தாள் வாங்கிப் பெட்டியாக்கி விற்க 30 நாளும், வாங்கியவர் பணம் தர 45 நாளும் ஆனால் மொத்தம் 75 நாள். தாள் தந்தவர் 30 நாள் பொறுத்தால், மீதி 45 நாளுக்கு நாம்தான் பணம் புரட்ட வேண்டும். மாதச் செலவு 2 லட்சமென்றால் சுமார் 3 லட்சம் வெளியே நிற்கும். ஆனால் அது ஒரே அளவில் நிற்பதில்லை. பெரிய பில் ஒன்று வசூலானதும் சட்டென்று குறைந்து, அடுத்த கொள்முதலில் மீண்டும் ஏறும்.

இந்த ஏற்ற இறக்கமே என் முடிவைத் தீர்மானித்தது. ஓவர்டிராஃப்டில் எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாள்களுக்கு மட்டுமே வட்டி. 12 சதவீதத்தில் 3 லட்சத்தை 20 நாள் பயன்படுத்தினால் வட்டி 1,973. தவணைக் கடனில் அதே தொகை நிலுவையில் இருந்தால், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதத்துக்கு 3,000. தவிர, வசூல் தள்ளிப்போனாலும் தவணைத் தேதி தள்ளிப்போகாது. சிலர் ‘ஃபிளாட்’ வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி, என்று 12 சதவீதம் சொல்வார்கள். மாதத் தவணையில் இரண்டு ஆண்டுகளில் அடைக்கும் கடனுக்கு, குறையும் அசலின் மீது கணக்கிட்டால் அது 21 சதவீதத்தைத் தாண்டும்.

தாள் விற்பவர் தரும் கடன் இலவசம்போலத் தெரியும். 10 நாளில் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையேல் 30 நாளில் முழுத் தொகை என்று அவர் சொன்னால், அந்த 20 நாள் அவகாசத்தின் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 37 சதவீதம். 100 ரூபாய் பில்லுக்கு ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்துப் பத்தாம் நாளே 98 ரூபாய் கொடுத்தால், 20 நாளுக்கு வட்டி 64 காசளவுதான், மிச்சப்படுவதோ 2 ரூபாய். தள்ளுபடியே இல்லையென்றால் மட்டும் அவருடைய கடனைக் கடைசி நாள்வரை பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஓவர்டிராஃப்டிலும் தொல்லைகள் உண்டு. வழக்கமாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வங்கி கேட்டால் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கை ஈடாகக் காட்டியிருந்தால் இருப்புப் பட்டியலை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். வங்கி 25 சதவீதம் மார்ஜின் (சரக்கு மதிப்பில் கடன் தராமல் விடும் பங்கு) வைத்தால் 4 லட்சச் சரக்குக்கு 3 லட்சம்தான் எடுக்க முடியும். எல்லாவற்றையும்விட, கணக்கு மாதக்கணக்கில் வரம்பின் விளிம்பிலேயே நின்றால் மேலே சொன்ன வட்டி மிச்சம் எதுவும் இராது.

கூட்டாளியைச் சேர்த்து முதலீடு பெறும் வழியை நான் முயன்றதில்லை. 45 நாள் இடைவெளிக்காக லாபத்தில் நிரந்தரப் பங்கைக் கொடுப்பது அதிகமென்றே தோன்றுகிறது. ஆனால் வசூல் வர ஓராண்டுக்கு மேலாகும் தொழிலென்றால், ஓவர்டிராஃப்டைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.