25 ஆண்டா, 100 ஆண்டா: ஆஸ்திரேலிய விவசாயி முன்னால் உள்ள கேள்வி

ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயி மண்ணிலோ மரத்திலோ கார்பனைச் சேர்த்து கார்பன் வரவுச்சீட்டு (ஒரு சீட்டுக்கு ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு; தங்கள் வெளியேற்றத்தை ஈடு கட்ட நினைக்கும் நிறுவனங்கள் இதை விலைக்கு வாங்கும்) பெற வேண்டுமென்றால், அதை எவ்வளவு காலம் காப்பேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 25 ஆண்டு அல்லது 100 ஆண்டு.

100 ஆண்டு என்றால், சேர்த்த கார்பன் இடையில் இழக்கப்படலாம் என்ற இடர்ப்பாட்டுக்காக 5% மட்டும் பிடிப்பார்கள், 1000 டன்னுக்கு 950 சீட்டு. 25 ஆண்டு என்றால் கூடுதலாக 20% போய்விடும், அதாவது 750 தான்.

இதைப் பார்த்து 100 தான் லாபம் என்று நினைக்க வேண்டாம். எதை எடுத்தாலும் சீட்டு வருவது 25 ஆண்டு வரைதான். மீதி 75 ஆண்டும் வருமானமில்லாமல் பொறுப்பை மட்டும் சுமக்க வேண்டும், பேரப்பிள்ளை காலத்தில் நிலத்தை வேறு வேலைக்குத் திருப்ப நினைத்தாலும் பெற்ற சீட்டுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். மண் கார்பன் வேறு வறட்சி வந்தால் குறையக்கூடியது. அதனால் மேய்ச்சல் நிலக்காரர் 25-ஐ எடுப்பதைத்தான் நான் சரி என்பேன்.

ஆனால் சீட்டை விலைக்கு வாங்கும் நிறுவனத்தின் பக்கம்? நிலக்கரி எரித்து வெளியேறிய கார்பனில் ஒரு பங்கு பல நூற்றாண்டுகள் காற்றிலேயே இருக்கும். அதை 25 ஆண்டு வாக்குறுதியால் ஈடு கட்டிவிட்டோம் என்பதற்கு 20% கழிவு போதவே போதாது, அந்தக் கழிவை உயர்த்தியே ஆக வேண்டும்.