பொன்னையாற்று வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி கார்: மூன்று ஆண்டு அனுபவம்

மேல்பாடிக்கு அருகே, ஆற்றை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாத அப்பா தோப்பைச் சுற்றிவருவதற்காக, கோல்ஃப் மைதானம் ஒன்றில் ஓடிக் கழிந்த நான்கு இருக்கை வண்டியை 2019இல் வாங்கினோம். கோல்ஃப் கார்ட் என்று பெயர் இருந்தாலும் எங்கள் ஊரில் அது பேட்டரி கார்தான். 2021 நவம்பரில் பொன்னையாறும் பாலாறும் கரைபுரண்டபோது அது இருக்கைப் பலகை வரை மூழ்கி, இரண்டு இரவுகள் சேற்றுநீரில் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கக் கை துடித்தது. காட்பாடியில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன், "தம்பி, சாவியத் தொடாதீங்க, மொதல்ல பேட்டரி வயரக் கழட்டுங்க" என்று போனிலேயே தடுத்தார். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கன்ட்ரோலரில் ஈரம் ஏறியிருந்த நிலையில் 48 வோல்ட் பாய்ந்திருந்தால் அது அன்றே கருகியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பின்பும் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், கன்ட்ரோலரின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு குண்டு பல்பை இணைத்து அதை வடித்த பிறகே கை வைத்தோம். பிளக்குகளில் படிந்திருந்த வண்டலை முதலில் டிஸ்டில்டு வாட்டராலும் பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலாலும் கழுவினோம். ஈரம் போக கன்ட்ரோலரை அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கச் சொன்னார் அத்தை. தவிட்டுத் தூசியும் சேர்ந்துகொள்ளும் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

பின் அச்சின் கியர் ஆயிலைத் திறந்துவிட்டபோது அது தண்ணீர் கலந்து, பால் அதிகமான டீயின் நிறத்தில் வழிந்தது. ஒரு முறை மாற்றினால் போதாது. சிறிது தூரம் ஓட்டி மீண்டும் வடித்தபோதும் வெளுப்பு இருந்ததால், மூன்றாம் முறைதான் தெளிந்த ஆயில் நின்றது. மோட்டாரைத் தனியே கழற்றி, கார்பன் பிரஷ்களை எடுத்துக் கழுவி, 200 வாட் பல்பு எரியும் மரப்பெட்டிக்குள் நான்கு நாள் வைத்து, மின்கசிவைச் சோதிக்கும் மெகர் என்ற மீட்டரில் இன்சுலேஷன் தேறிய பிறகே பூட்டினார் அண்ணன். கன்ட்ரோலர் இணைந்திருக்கும்போது மெகர் வைத்தால் கன்ட்ரோலர் போய்விடும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

பேட்டரியில் நான் செய்தது தவறு. ஆறு 8 வோல்ட் பேட்டரிகளில் நான்கிற்குள் சேற்றுநீர் புகுந்து ஆசிட் கலங்கியிருந்தது. மற்ற இரண்டும் சார்ஜ் ஏறியதும், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.260 என்று நல்ல அளவே காட்டியதால், செலவை நினைத்து நான்கை மட்டும் புதிதாக வாங்கினேன். தொடராக இணைந்த பேட்டரிகளில் தளர்ந்தவைதான் முதலில் காலியாகும் என்பதால் வண்டியின் தூரம் மாதத்துக்கு மாதம் குறைந்தது. ஒன்றரை ஆண்டில் அந்த இரண்டையும் மாற்றினேன், அதற்குள் புதியவையும் பாதி தேய்ந்துவிட்டன.

ஆனால், உண்மையான சேதம் தாமதமாகத்தான் வெளிப்பட்டது. ஏழாவது மாதம் மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது. பேட்டரி மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்சான சாலினாய்டு 'டொக்' என்று ஒழுங்காகவே ஒலித்தது. கன்ட்ரோலரையே மாற்றச் சொன்னார் வெளியூர் விற்பனையாளர் ஒருவர். காட்பாடி அண்ணனோ, அப்பாவை வண்டியில் உட்காரவைத்து மேட்டில் ஏற்றச் சொல்லி, ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒரு முழ நீளம்கூட இல்லாத ஒரு கேபிளில் மட்டும் 1.8 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. அதன் முனை தொட முடியாமல் சுட்டது. ரப்பர் உறையைக் கீறியதும் உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைப் பாசி படிந்தாற்போல் பூத்து, விரலால் வளைத்தாலே முறிந்தன. வெளியே துடைத்துப் பளபளப்பாக்கிய லக்குக்குள், அதாவது கேபிள் முனையின் உலோகப் பூட்டுக்குள், நீர் அத்தனை மாதமும் கம்பி வழியே ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் வாரத்திலேயே பேட்டரி கேபிள்கள் அனைத்தையும் மாற்றியிருந்தால் சில ஆயிரம் ரூபாயோடு போயிருக்கும்.

இப்போது வண்டி இடுப்பளவு உயரக் கருங்கல் மேடையில் நிற்கிறது. வேலூர் வெயிலில் பேட்டரி நீர் விரைவாக வற்றுவதால், சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு முறை மூடிகளைத் திறந்து பார்க்கிறேன். வலப்பக்கப் பின்சக்கரத்தின் பேரிங் இரண்டு வாரமாக இரைகிறது. அதுவும் அந்த வெள்ளத்தைக் கண்டதுதான், அடுத்து அதைக் கழற்ற வேண்டும்.