கெட்ட பேக்லிங்குகள்: விட்டுவிடுவதா, நீக்கச் சொல்வதா, டிஸ்அவோ செய்வதா?

சென்ற ஆண்டு, திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர், பேக்லிங்குகளை, அதாவது பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகளை, தணிக்கை செய்யும் ஒரு கருவியின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பினார். அரைவட்டத்தில் முள் சிவப்புப் பகுதிக்குப் போய் நின்றிருந்தது. கீழே நச்சுத்தன்மை அதிகம் என்று எழுதியிருந்தது. கூகுள் வழியாக வரும் விசாரணைகள் சில மாதங்களாகக் குறைந்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று அவரிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். சொன்னவரே எல்லாவற்றையும் துடைத்துத் தருவதற்கு ஒரு விலையும் சொல்லியிருக்கிறார். பணத்தைக் கட்டலாமா வேண்டாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

அவர் முன்னால் இருந்தவை மூன்று வழிகள். அந்த இணைப்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது ஒன்று. அவற்றை வைத்திருக்கும் தளங்களின் உரிமையாளர்களைக் கேட்டு எடுக்கச் செய்வது இன்னொன்று. இவற்றை என் கணக்கில் சேர்க்காதே என்று கூகுளிடம் பட்டியல் கொடுக்கும் டிஸ்அவோ மூன்றாவது. பத்திரிகைகளில் ‘இன்னாருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை’ என்று பொது அறிவிப்பு கொடுப்பார்களே, ஏறக்குறைய அதைப் போன்றது இது. அறிவிப்பு கொடுத்ததால் அந்த இன்னார் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. மூன்றில் எது பொருந்தும் என்பதைக் கருவி காட்டும் எண்ணைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. அந்த இணைப்பை வைத்தது யார், நாமா வேறொருவரா என்பதைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும் என்பது என் கருத்து.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கொடுக்கப்படும் இணைப்பை ஒரு வாக்காக எண்ணும் பேஜ்ரேங்க் முறையை லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கினார்கள். வாக்குக்கு மதிப்பு வந்தபின் வாக்குக்கு விலையும் வந்தது. அமெரிக்காவின் ஜேசி பென்னி அங்காடி நிறுவனம் 2010 பண்டிகைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் முன்னணியில் நின்றதையும், அதன் பின்னணியில் சம்பந்தமே இல்லாத பக்கங்களில் வைக்கப்பட்ட ஏராளமான இணைப்புகள் இருந்ததையும் நியூயார்க் டைம்ஸ் 2011 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. கூகுள் தன் கையாலேயே அந்தத் தளத்தைக் கீழே இறக்கியது. அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரல் 24 அன்று, இந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் பெங்குவின் அல்காரிதம் வந்தது. அதில் மாட்டிய தளங்கள் தங்களைச் சரிசெய்துகொண்டாலும், அடுத்த முறை பெங்குவினை ஓட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 அக்டோபருக்கும் 2016 செப்டம்பருக்கும் இடையில் அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீண்டது. இணைப்புகளைப் பிடுங்கி எறியத் துடிக்கும் பழக்கம் உருவானது அந்தக் காலத்தில்தான். அன்று அது நியாயமான துடிப்பும்கூட.

ஆனால் 2016 செப்டம்பரில் வெளிவந்த பெங்குவின் 4.0 இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. அது கூகுளின் மைய அல்காரிதத்துக்குள் சேர்ந்தது, உடனுக்குடன் இயங்கத் தொடங்கியது, கெட்ட இணைப்புக்காகத் தளத்தைத் தண்டிப்பதைவிட அந்த இணைப்பை மதிப்பில்லாததாக்குவதை வழக்கமாகக் கொண்டது. இன்று இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி இந்த மாற்றத்துக்கு முந்தைய அச்சத்தை அப்படியே சுமந்துகொண்டிருக்கிறது.

ஆகவே முதல் வழி, அதாவது விட்டுவிடுவது, சோம்பேறித்தனம் அல்ல. பெரும்பாலான தளங்களுக்கு அதுவே சரியான முடிவு. எந்தத் தளத்தின் பேக்லிங்க் பட்டியலைத் திறந்தாலும், படங்களைத் திருடி அடுக்கும் பக்கங்கள், டொமைன் பெயர்களை அகரவரிசையில் கொட்டிவைத்திருக்கும் பக்கங்கள், எவருமே எழுதாத வலைப்பதிவுகள், தெரியாத மொழியில் சூதாட்ட விளம்பரங்கள் என்று ஒரு குப்பைமேடு கிடக்கும். வீட்டு வாசலில் காற்று கொண்டுவந்து போடும் சருகு போன்றது அது. அது நம்முடைய வேலையல்ல என்பது கூகுளுக்குத் தெரியும், ஏனென்றால் அதே குப்பை எல்லாத் தளங்களையும் நோக்கி வீசப்பட்டிருப்பதை அது பார்க்கிறது. டிஸ்அவோவைப் பற்றிய கூகுளின் உதவிப் பக்கமே இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்து வைக்கிறது: செயற்கையான இணைப்புகள் கணிசமாக இருக்க வேண்டும், அத்துடன், அவற்றால் கூகுளின் பரிசீலகர் பார்த்து எடுக்கும் நடவடிக்கையான மேனுவல் ஆக்‌ஷன் வந்திருக்க வேண்டும் அல்லது வரும் வாய்ப்பு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. பணம் தராவிட்டால் உங்கள் தளத்துக்கு ஆயிரக்கணக்கில் ஸ்பேம் இணைப்புகளை அனுப்புவோம் என்று மிரட்டும் மின்னஞ்சல்களுக்கும் இதே பதில்தான். பதில் எழுதாமல் இருப்பது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. திருப்பூர்க்காரரின் குழப்பத்துக்கு வேர் அதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். கெட்ட இணைப்புகள் இருக்கின்றன, தேடல் வரவும் குறைந்திருக்கிறது, ஆகவே இணைப்புகளை வெட்டினால் வரவு திரும்பும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். 2022 டிசம்பரில் கூகுள், ஸ்பேம்பிரெய்ன் என்னும் தன் தானியங்கி அமைப்பை இணைப்பு ஸ்பேமுக்கு எதிராகவும் பயன்படுத்தத் தொடங்கியது. விலைக்கு இணைப்பு வாங்கும் தளங்களையும், விற்பதற்கென்றே நடத்தப்படும் தளங்களையும் அது கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்ததும் அந்த இணைப்புகள் கொடுத்துவந்த பலம் செல்லாததாகிவிடுகிறது. அப்படிச் சரிந்த தளத்துக்கு எவரும் தண்டனை கொடுக்கவில்லை. முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த கம்பு உருவப்பட்டது, அவ்வளவுதான். ஏற்கெனவே செல்லாததாகிவிட்ட இணைப்பை நீக்கினாலும் டிஸ்அவோ செய்தாலும் திரும்பி வருவதற்கு எதுவும் இல்லை. வரவு குறைந்ததற்கு இணைப்புகள் காரணமாகவே இருந்தாலும், அவற்றை வெட்டுவது மருந்தாகாத நிலை இது. துடைத்துத் தருகிறோம் என்று விலை பேசுபவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லி நான் கேட்டதில்லை.

விட்டுவிடும் வழி தோற்றுப்போகும் இடமும் தெளிவானது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலைத் திறந்து மேனுவல் ஆக்‌ஷன் பகுதியில், உங்கள் தளத்தை நோக்கி இயற்கைக்கு மாறான இணைப்புகள் இருக்கின்றன என்ற அறிவிப்பு கிடந்தால், ஒரு மனிதர் பார்த்து முடிவெடுத்திருக்கிறார் என்று பொருள். அதன்பிறகு சும்மா இருப்பது ஒரு வழியே அல்ல.

அந்த நிலையில் முன்னுக்கு வருவது இரண்டாவது வழி. இணைப்பை வைத்திருக்கும் தளத்துக்கு எழுதி அதை எடுக்கச் செய்தால், அது கூகுள், பிங் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாத் தேடுபொறிகளின் பார்வையிலிருந்தும் மறைகிறது. கூகுளிடம் கொடுக்கும் மறுபரிசீலனை விண்ணப்பத்திலும் காட்டுவதற்குச் சான்று கிடைக்கிறது. பாடல் வரிகளுக்கு விளக்கம் எழுதும் ராப் ஜீனியஸ் தளம், வலைப்பதிவர்களின் பதிவுகளை ட்விட்டரில் பரப்புவதாகச் சொல்லி அவர்களிடம் இணைப்புகள் கேட்டு வாங்கியது அம்பலமானபோது, 2013 கிறிஸ்துமஸ் நாளன்று கூகுள் அதைக் கீழே தள்ளியது. தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட அது மேலே வரவில்லை. அந்தக் குழுவினர் தங்களை நோக்கிய இணைப்புகளையெல்லாம் நிரல் எழுதித் திரட்டி, சந்தேகத்துக்குரியவற்றைப் பிரித்து, தள உரிமையாளர்களைத் தொடர்புகொண்டு எடுக்கச் சொன்னார்கள். பத்து நாளில் திரும்பி வந்தார்கள். இவ்வளவு வேகமாக முடிந்ததற்குக் காரணம், இணைப்பு வைத்தவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அவர்களே போய்க் கேட்டு வைக்கச் சொன்னவர்கள் என்பதுதான்.

முகம் தெரியாத தளங்களிடம் இந்த வழி வேலைக்கு ஆகாது. டொமைன் உரிமையாளரின் விவரங்கள் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கின்றன. தொடர்புப் படிவத்தில் எழுதினால் பதில் வராது. சிலர் நீக்குவதற்குக் காசு கேட்பார்கள். அப்படிக் கேட்கும்போது கொடுக்காமல், அந்த டொமைனை டிஸ்அவோ பட்டியலில் சேர்த்துவிடுவதே நல்லது. நம் கைக்கு எட்டும் இடங்களுக்கு, அதாவது பணம் கொடுத்து வெளியிட்ட கட்டுரைகள், விருந்தினர் பதிவுகள், நாமே நடத்தும் துணைத் தளங்கள் ஆகியவற்றுக்கு, இந்த வழியைப்போல உறுதியானது வேறில்லை. அங்கும் எல்லாவற்றையும் நீக்கியாக வேண்டும் என்பதில்லை. 2005-இல் அறிமுகமான நோஃபாலோ குறியையோ, விளம்பர இணைப்புகளுக்கென்றே 2019-இல் வந்த ஸ்பான்சர்டு குறியையோ சேர்க்கச் சொன்னால், வாசகர் அந்த இணைப்பைச் சொடுக்கி வந்துகொண்டே இருப்பார், வாக்கு மட்டும் எண்ணப்படாது. ஒரு நாளிதழின் தளத்தில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரக் கட்டுரையை முழுவதுமாக எடுக்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழியான டிஸ்அவோ 2012 அக்டோபரில் வந்தது. பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். கடைசியில் வர வேண்டியதும் இதுதான். செய்முறை எளிது. ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒன்றாக முகவரிகளை எழுத வேண்டும். ஒரு தளத்தை முழுவதுமாக ஒதுக்க வேண்டுமானால் டொமைன் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, தளத்தின் பெயர் என்று இடைவெளியில்லாமல் எழுத வேண்டும். # குறியில் தொடங்கும் வரிகள் நமக்கான குறிப்புகள், கூகுள் அவற்றைப் படிக்காது. ஒரு லட்சம் வரிகள் அல்லது 2 எம்பி என்பது உச்சவரம்பு. புதிய கோப்பை ஏற்றினால் பழையது முழுவதும் அழிந்துவிடும் என்பதால், பழைய பட்டியலை இறக்கி அதில் புதியதைச் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். சர்ச் கன்சோலில் தளத்தை டொமைன் வகைச் சொத்தாக, அதாவது அதன் எல்லா முகவரிகளும் சேர்ந்த ஒரே பதிவாக, பதிந்திருந்தால் இந்தக் கருவி அதை ஏற்காது; ஹெச்டிடிபிஎஸ் முகவரியோடு தனியாகப் பதிய வேண்டும். விளைவு தெரிய வாரங்கள் ஆகும், ஏனென்றால் கூகுள் அந்தப் பக்கங்களை மறுபடி வந்து படிக்க வேண்டும்.

ஆபத்து இந்த எளிமைக்குள்தான் இருக்கிறது. நச்சு மதிப்பெண் என்பது கருவிகளை விற்கும் நிறுவனங்கள் தங்கள் கணிப்பில் போடும் எண். கூகுள் எந்தத் தளத்துக்கும் அப்படி ஓர் எண்ணை வெளியிடுவதில்லை. பார்வைக்குப் பழசாக, வடிவமைப்பு சிதைந்து, தொடர்பற்ற பல இணைப்புகளோடு இருக்கும் பக்கத்தைக் கருவி சிவப்பாக்கிவிடும். திருப்பூர்ப் பட்டியலில் அப்படிச் சிவப்பானவற்றில் ஒன்று, ஒரு தொழில் கண்காட்சியில் பங்கேற்றவர்களின் பெயர்களைக் கொண்ட பழைய பக்கம். அந்தத் தளத்துக்குக் கிடைத்திருந்த மிக நேர்மையான பரிந்துரை என்றே அதைச் சொல்லலாம். எண்ணை நம்பி மொத்தமாக ஏற்றியிருந்தால் அதுவும் போயிருக்கும். வரியை நீக்கிக் கோப்பை மறுபடி ஏற்றலாம் என்றாலும், பழைய மதிப்பு ஒரே நாளில் திரும்புவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லா இணைப்புகளையும் கோப்பில் கொட்டுவதை நல்லெண்ண முயற்சியாகக் கருதமாட்டோம் என்று மேனுவல் ஆக்‌ஷன் பற்றிய கூகுளின் விளக்கமும் சொல்கிறது; முதலில் நீக்க முயல வேண்டும், முடியாதவற்றைத்தான் டிஸ்அவோ செய்ய வேண்டும்.

பிங் இந்தக் கருவியைக் கூகுளுக்குச் சில மாதங்கள் முன்பே, 2012 ஜூனில் கொண்டுவந்தது. 2023-இல் அதை எடுத்தும்விட்டது, எந்த இணைப்பு இயல்பானது என்பதைத் தன் அமைப்பே பிரித்தறியும் என்று சொல்லி. ஆகவே இந்த இரண்டில் மூன்றாவது வழி இன்று கூகுளிடம் மட்டுமே இருக்கிறது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, செலவைவிட முக்கியமானது முடிவைத் திரும்பப் பெற முடியுமா என்பதே. விட்டுவிட்டவர் நாளைக்கும் மனம் மாறலாம். டிஸ்அவோ செய்தவர் மெதுவாக மாற்றிக்கொள்ளலாம். கேட்டு நீக்கியவருக்கு அந்த இணைப்பு மறுபடி கிடைக்காது. இணைப்பை வைத்தது நாம்தான் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் கேட்டு நீக்குவது பொருத்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தளம் ஹேக் செய்யப்பட்டு உருவான போலிப் பக்கங்களை நோக்கி வரும் இணைப்புகளுக்கு இந்த மூன்றுமே தேவையில்லை. அந்தப் பக்கங்களை அழித்து, அவை ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழையைக் காட்டும்படி விட்டால் போதும், இல்லாத பக்கத்தை நோக்கிய இணைப்பை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

திருப்பூர்த் தளத்துக்கு மேனுவல் ஆக்‌ஷன் எதுவும் இல்லை. அதனால் முதலில் விட்டுவிடச் சொல்லத்தான் இருந்தேன். பிறகு, முன்பு யாரிடமாவது மாதச் சந்தாவுக்கு எஸ்இஓ வேலையை, அதாவது தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலையை, கொடுத்திருந்தீர்களா என்று கேட்டபோது, பழைய மின்னஞ்சலிலிருந்து சில எக்செல் கோப்புகளை எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு மாதமும் எந்தெந்தத் தளத்தில், எந்த ஆங்கர் டெக்ஸ்ட்டோடு, அதாவது சொடுக்கும் இடத்தில் தெரியும் எந்தச் சொற்களோடு, இணைப்பு வைத்தோம் என்று அந்த முகவர்களே வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். காசு வாங்கியதற்குக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். நமக்கு அதைவிட நல்ல சான்று எதுவும் தேவைப்படவில்லை. மொத்த விலைக்குப் பின்னலாடை என்ற பொருள்படும் ஒரே சொற்றொடர், சமையல் குறிப்புத் தளத்திலும், நாய் வளர்ப்புத் தளத்திலும், எழுத்துப்பிழைகூட மாறாமல் இருந்தது. கண்ணில் பட்டால் எந்தப் பரிசீலகரும் ஒரு நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடுவார். அந்த முகவர்களைத் தொடர்புகொண்டு இயன்றவற்றை எடுக்கச் சொன்னோம், எஞ்சிய டொமைன்களை மட்டும் கோப்பில் எழுதி ஏற்றினோம். முதல் வரியில் தேதியையும் காரணத்தையும் # குறியோடு எழுதி வைத்தோம், அடுத்து வருபவர் குழம்பாதிருக்க. கண்காட்சிப் பக்கம், படத் திருட்டுப் பக்கங்கள், சூதாட்டக் குப்பை ஆகிய எதையும் தொடவில்லை. குறைந்த விசாரணைகள் இதனால் திரும்பும் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுக்கவுமில்லை.

டிஸ்அவோ செய்த இணைப்புகளும் சர்ச் கன்சோல் பட்டியலில் தொடர்ந்து தெரியும். தணிக்கைக் கருவிக்கோ நாம் கொடுத்த கோப்பைப் பற்றி எதுவும் தெரியாது. முள் இன்னும் சிவப்பிலேயே நிற்கிறதே என்று அவர் மாதத்துக்கு ஒரு தடவை அழைக்கிறார்.