7 வருடம், ஒரே புளோ மோல்டிங் மெஷின்

1 லிட்டரில் இருந்து 5 லிட்டர் வரை கேன் போடும் எக்ஸ்ட்ரூஷன் புளோ மோல்டிங் மெஷின் ஒன்றை 7 வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒற்றை ஹெட், அதாவது ஒரு தடவைக்கு ஒரு கேன். ஹைட்ராலிக்கில் திறந்து மூடும் மோல்டு, அதாவது அச்சு. பிளாஸ்டிக்கில் ஹெச்டிபிஇ என்ற கெட்டி ரகம் மட்டும். வாங்கிய புதிதில் யாராவது கேட்டிருந்தால் காற்றழுத்தத்தைப் பற்றியே அரைமணி நேரம் பேசியிருப்பேன். இப்போது கேட்டால், இந்த மெஷினில் காற்றுக்கு இருக்கிற வேலை கொஞ்சம்தான் என்பேன்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஹாப்பரில் கொட்டும் குருணை ஸ்க்ரூவில் நகர்ந்து 180, 200 டிகிரியில் உருகி, டை என்கிற வளைய வாய் வழியாகச் சூடான குழாயாகத் தொங்கும். பாரிசன் என்பார்கள். போதுமான நீளம் இறங்கியதும் மோல்டின் இரண்டு பாதியும் வந்து அதைக் கவ்வும். அடிப்பக்கம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும், மேலே கத்தி அறுக்கும், புளோ பின் வாய்க்குள் இறங்கி 6 பார் அழுத்தத்தில் காற்றை விடும். குழாய் உப்பிப்போய் மோல்டு சுவரில் ஒட்டும். வீட்டில் இருக்கும் ஏதாவது எண்ணெய் கேனைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் நடுவாக ஒரு கோடு ஓடும். மோல்டு கவ்விய தழும்பு அது. குளிர்பான பெட் பாட்டிலில் அந்தக் கோட்டுக்குப் பதில் நட்டநடுவில் ஒரு புள்ளிதான் இருக்கும். அது வேறு குடும்பம். சோதனைக்குழாய் மாதிரி ஒரு ப்ரீஃபார்மை முதலில் வார்த்து, மறுபடி சூடாக்கி, கம்பியால் நீளவாக்கில் இழுத்துக்கொண்டே ஊதுவார்கள். அதற்கு 25 முதல் 40 பார் வரை வேண்டும். என் கம்பரஸருக்கு அதெல்லாம் எட்டாத உயரம்.

சரி, என் மெஷினுக்கு வருவோம். குழாய் உப்பி முடிய ஒன்றிரண்டு நொடிதான். அந்த நேரத்தில் காற்றால் சுவரைத் தடிமனாக்கவும் முடியாது, சீராக்கவும் முடியாது. குழாய் எப்படித் தொங்கியதோ அப்படித்தான் கேன் வரும். இது புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

கைப்பிடி வைத்த 5 லிட்டர் கேன்தான் பாடம் நடத்தியது. தண்ணீர் நிரப்பி மேலிருந்து போட்டுப் பார்த்தால் இரண்டு தடவை தாங்கும், மூன்றாவது தடவை கீழ்மூலை பிளந்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன், சூட்டை மாற்றினேன், மூலப்பொருள் கொடுத்தவரோடு சண்டைகூடப் போட்டேன். கடைசியில் ஒரு கேனைக் கத்தியால் நெடுக்காக இரண்டாக வெட்டி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவயிறு பால் மாதிரி கெட்டியாக இருக்கிறது, மூலையில் என் விரல் நிழலாகத் தெரிகிறது. உப்பும்போது மூலைக்குத்தான் பிளாஸ்டிக் கடைசியாகப் போய்ச் சேர்கிறது. அதற்குள் அது நீண்டு மெலிந்துவிடும். இதற்காகவே மெஷினில் பாரிசன் கன்ட்ரோல் இருக்கிறது. குழாய் இறங்க இறங்க டை இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, எந்த உயரத்தில் தடிமன் வேண்டும் என்று திரையில் புள்ளி வைக்கலாம். மெஷின் வந்த நாளில் யாரோ வைத்துக்கொடுத்த புள்ளிகளை நான் தொடவே இல்லை. மூலைக்கு வரும் நாலு புள்ளியை ஏற்றி, வயிற்றுப் பக்கம் இறக்கினேன். பிளப்பது நின்றது. கேன் எடையும் 240 கிராமில் இருந்து 215க்கு வந்தது. ஒரு வருடமாக ஒவ்வொரு கேனிலும் 25 கிராமை வயிற்றில் வீணாக ஏற்றியிருக்கிறேன்.

அடுத்த தவறு அவசரத்தால் வந்தது. உப்பிய பிறகும் காற்றை உள்ளேயே பிடித்துவைத்து, மோல்டுக்குள் ஓடும் குளிர்ந்த தண்ணீரால் ஆறவிட வேண்டும். ஒரு கேனுக்கு ஆகும் நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போகிறது. ஆர்டர் நெருக்கியது என்று 3 நொடி குறைத்தேன். கேன்கள் கைக்கு வரும்போது பழுதில்லை. மறுநாள் காலையில் மேஜையில் வைத்தால் ஒவ்வொன்றும் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடுகிறது. உள்ளே சூடு தங்கி, அடிப்பாகம் வெளியே தள்ளிவிட்டது. அன்றைக்குப் போட்டது முழுக்க கிரைண்டருக்குப் போனது. ஹெச்டிபிஇ ஆறிய பிறகும் ஒரு நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் என்பதால், கொள்ளளவை இப்போதெல்லாம் மறுநாள்தான் அளக்கிறேன்.

தண்ணீரை ரொம்பக் குளிரவைத்தால் அதிலும் வம்பு. மழைக்காலத்தில் மோல்டு வியர்த்து, கேன் மேல் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி விழும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷினை 10 டிகிரியில் இருந்து 16க்கு ஏற்றியதும் சரியானது.

காற்றைக் குறைத்துப் பேசிவிட்டேன், ஆனால் பெரிய அவமானம் அதனால்தான் வந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுக்கும் கம்பரஸர் டிரையர் பழுதானது எனக்குத் தெரியவில்லை. கேன்களுக்குள் ஒன்றிரண்டு தண்ணீர்த் துளி இருப்பதாக மொத்த லோடும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து கம்பரஸர் டேங்கில் தேங்கும் தண்ணீர் வடிய, அதன் வால்வைக் காலையில் முதல் வேலையாக நானே திறந்துவிடுகிறேன்.

மற்றபடி மெஷின் மேல் பெரிய குறையில்லை. ஹைட்ராலிக் சீல் இரண்டு தடவை, ஹீட்டர் பட்டைகள் அவ்வப்போது. நிறுத்தி மறுபடி ஓட்டும்போது கருகிய துணுக்குகள் கறுப்புப் புள்ளியாக வரும், முதல் 20 கேனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கைப்பிடி கேனில் ஓரக்கழிவு அதிகம். அரைத்து 25 சதவீதம் வரை புதுக் குருணையோடு கலக்கிறேன். அதற்கு மேல் போனால் மோல்டு கவ்விய அந்தக் கோட்டின் மேல் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

பழைய மெஷின் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் பெயின்ட்டைப் பார்த்து வாங்காதீர்கள். சூடேற்றி ஓட்டச் சொல்லி, மோல்டை மூடாமல் பாரிசனை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். நேராக இறங்கினால் நல்லது. ஒரு பக்கமாக வளைந்தால் டையைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைத் திருகி நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் வளைந்தே இறங்கினால், விலை பேச உட்காராதீர்கள்.