மக்கள்கிட்ட கருத்து கேக்க ஆன்லைன் மேப்: மை மேப்ஸா, உஷாஹிதியா, யூமேப்பா?

எங்க குழுவுக்கு ஒரு வேலை வந்துச்சு. எங்க நடந்து போக பயமா இருக்கு, எங்க விளக்கு எரியல, எந்த இடத்துல ரோட்டைக் கடக்கவே முடியலைன்னு ஒரு ஏரியாவுல குடியிருக்கிறவங்களே மேப்ல குறிக்கணும், அதை எல்லாரும் பாக்கணும், அப்புறம் அதிகாரிங்ககிட்ட எடுத்துட்டுப் போகணும். "மேப் தானே, ஒரு நாள் வேலை"ன்னு வாயை விட்டது நான்தான். மூணு டூல் மாத்தி மாத்திப் பாத்துட்டு கடைசில யூமேப்ல வந்து நின்னேன், அதனால இது நடுநிலையா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

கூகுள் மை மேப்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், காசு இல்ல, பத்து நிமிஷத்துல மேப் ரெடி. பத்து லேயர் (மேப் மேல வைக்கிற அடுக்கு), ஒரு லேயருக்கு 2,000 வரி டேட்டா வரைக்கும் ஏத்தலாம், சின்ன ப்ராஜெக்ட்டுக்கு அது தாராளம். ஒரு ஆள் உக்காந்து வரைஞ்சு நாலு பேருக்குக் காட்டணும்னா இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ஊரே வந்து பின் (இடத்தைக் காட்டுற குறி) குத்தணும்னா கதை வேற. எடிட் பண்ண கூகுள் அக்கவுண்ட் வேணும், எடிட் பண்ண முடிஞ்சவங்க அடுத்தவங்க பின்னையும் நகர்த்தலாம், அழிக்கலாம். ஆண்ட்ராய்டுல இருந்த தனி ஆப்பையும் 2021லயே நிறுத்திட்டாங்க, அதனால போன் மட்டும் வச்சிருக்கிறவங்க பிரவுசர்ல தடவிக்கிட்டு இருக்கணும். நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேர் போன்ல தான் வருவாங்க.

உஷாஹிதி நேர் எதிர். 2008ல கென்யாவுல தேர்தலுக்குப் பிறகு கலவரம் நடந்தப்ப, எங்க என்ன நடக்குதுன்னு மக்களே அனுப்புறதுக்காக உருவானது, ஸ்வாஹிலில அந்தப் பேருக்கு சாட்சியம்னு அர்த்தம். அதுக்கு ஏத்த மாதிரி எஸ்எம்எஸ்ல தகவல் வாங்கலாம், வர்றதை ஒருத்தர் படிச்சுப் பாத்து ஓகே பண்ணாத்தான் வெளிய தெரியும். அவசரம், பேரிடர், ஆயிரக்கணக்குல தகவல் கொட்டுதுன்னா நான் யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன். எங்களுக்கு இது கொசுவுக்கு பீரங்கி. சொந்த சர்வர்ல போடணும்னா அதை அப்டேட் பண்ண, பேக்கப் எடுக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆள் நான்தான்னு ஆகிடும், எனக்கு அதுல விருப்பம் இல்ல. ஆர்க்ஜிஐஎஸ்னு லைசன்ஸ் வாங்கி ஓட்டுற மேப் சாஃப்ட்வேர் பக்கமும் நிறைய பேர் கை காட்டினாங்க. அதை நான் பங்கேற்பாளரா மட்டும் தான் தொட்டிருக்கேன், பாக்க அழகா இருந்துச்சு, லைசன்ஸ் ஏற்கனவே இருக்கிற நிறுவனத்துக்கு சரியா வரும்னு தோணுது, அதுக்கு மேல நான் பேசக்கூடாது.

இப்ப யூமேப். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை (மக்களே சேர்த்து உருவாக்குற இலவச மேப்) அடியில வச்சு ஓடுற ஓப்பன் சோர்ஸ் டூல், பாக்குறவங்களுக்கு அக்கவுண்ட் எதுவும் வேணாம், மேப் போடுறவங்களுக்குக்கூட கட்டாயம் இல்ல. லாகின் இல்லாம போட்டா ஒரு ரகசிய எடிட் லிங்க் குடுப்பாங்க, அதைத் தொலைச்சா மேப் அப்படியே உறைஞ்ச மாதிரி நிக்கும். அந்த லிங்க்கை ரெண்டு பேர் மெயில்ல அனுப்பி வச்சுக்கோங்க.

முதல்ல நான் பண்ண தப்பு, யார் வேணா எடிட் பண்ணலாம்னு திறந்து விட்டது. ரெண்டாவது நாளே ஒரு பெரியவர் மேப்பை நகர்த்துறதா நினைச்சு யாரோ போட்ட "விளக்கு இல்ல" பின்னை இழுத்து பக்கத்துல இருந்த குளத்துக்குள்ள போட்டுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அப்புறம் தான் புத்தி வந்து தகவல் வாங்குற இடத்தையும் காட்டுற இடத்தையும் பிரிச்சேன். கோபோடூல்பாக்ஸ்னு தகவல் சேகரிக்கிற ஒரு டூல்ல ஒரு ஃபார்ம், அதுல இடத்தைக் குறிச்சு ரெண்டு வரி எழுதி அனுப்புவாங்க. வாரம் ஒரு தடவை ஒருத்தர் படிச்சு, பேர், போன் நம்பர், திட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு ஷீட்ல சேர்ப்பார். யூமேப் அந்த ஷீட்டோட சிஎஸ்வி (கமா போட்டுப் பிரிச்ச சாதா டேபிள் ஃபைல்) லிங்க்ல இருந்து தானா படிச்சுக்கும். யாரும் மேப்பைத் தொடவே வேண்டியதில்ல.

ஒரு சின்ன விஷயம். ஷீட்ல அட்சரேகை, தீர்க்கரேகை எழுதுற பத்தி (column) ரெண்டும் இடம் மாறினா பின் எல்லாம் உலகத்தோட வேற மூலைக்குப் போயிடும். ரெண்டுலயும் பூஜ்யம் விழுந்துட்டா ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடல்ல போய் நிக்கும், எங்க புகார் ஒண்ணு அங்க ஒரு வாரம் மிதந்துச்சு. அதே மாதிரி, வீட்டு வாசல்ல பின் குத்தி "இங்க தான் என்னைத் தொந்தரவு பண்றாங்க"ன்னு எழுதுறவங்க உண்டு, அதை அப்படியே வெளிய காட்டினா ஆபத்து. அட்சரேகை, தீர்க்கரேகையில புள்ளிக்கு அப்புறம் அஞ்சு இலக்கம் இருந்தா கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரைக்கும் இடம் தெரிஞ்சிடும், மூணா குறைச்சா கிட்டத்தட்ட நூறு மீட்டர் அளவுக்கு மங்கிடும். அந்த மாதிரி பின்னுக்கு நாங்க மூணு தான் வைக்கிறோம்.

ஆனா என்னை முடிவெடுக்க வச்சது இதெல்லாம் இல்ல. ப்ராஜெக்ட் முடிஞ்ச பிறகு அந்த மேப்பை யார் பாத்துக்குவாங்கன்ற கேள்விதான். ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் உற்சாகம், ஆறு மாசத்துல பாஸ்வேர்ட் தெரிஞ்சவர் வேற வேலைக்குப் போயிடுவார், மேப் அப்படியே நிக்கும், சரி பண்ணின விளக்கு கூட இன்னும் சிவப்பாவே காட்டும். அதைப் பாக்குறவங்க "சொல்லி என்ன பிரயோஜனம்"னு அடுத்த தடவை வாயே திறக்க மாட்டாங்க. இது போதாதுன்னு சேவையே மூடிட்டா? கூகுள் ஃப்யூஷன் டேபிள்ஸ்னு டேபிள்ல இருக்கிற டேட்டாவை மேப்பா காட்டுற ஒண்ணு இருந்துச்சு, செய்தி நிறுவனங்களும் நிறைய பேரும் மேப்புக்கு அதைத்தான் நம்பி இருந்தாங்க, 2019 டிசம்பர் 3ல மூடியாச்சு. மக்களே கூகுள் மேப்ல இடம் சேர்க்கிறதுக்கு இருந்த கூகுளோட மேப் மேக்கர் 2017லயே போச்சு. பெரிய கம்பெனி தானே, எங்க போகப்போகுதுன்னு நினைக்கிறது தப்புன்னு அப்ப தான் உறைச்சது.

நியாயமா சொன்னா மை மேப்ஸ்லயும் கேஎம்எல்லா (மேப் டேட்டாவுக்கான ஒரு ஃபைல் வகை) டேட்டாவை எடுக்கலாம், அடைச்சு வச்சுக்க மாட்டாங்க. யூமேப்ல சிஎஸ்வி, ஜியோஜேசன் (இதுவும் மேப் ஃபைல் வகைதான்), கேஎம்எல்னு எடுக்கலாம், அதுக்கு மேல மொத்த மேப்பையும் கலர், ஐக்கான், லேயரோட ஒரே ஃபைலா இறக்கி வேற சர்வர்ல ஓடுற இன்னொரு யூமேப்ல ஏத்திடலாம். நான் ஒரு தடவை ஏத்தியும் பாத்தேன், அரை மணி நேரம் ஆச்சு, ஒரு ஐக்கான் மட்டும் காணாம போச்சு. அதைவிடப் பெரிய நிம்மதி, எங்க அசல் டேட்டா ஷீட்ல இருக்கு, மேப் வெறும் கண்ணாடி மாதிரி, உடைஞ்சா வேற மாட்டிக்கலாம்.

குறையும் இருக்கு. கூகுள்ல தெருவை போட்டோவா பாக்குற ஸ்ட்ரீட் வியூ யூமேப்ல கிடையாது. கடைப் பேரைப் பாத்து இடத்தை அடையாளம் கண்டுபிடிக்கிறவங்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல தடுமாறுவாங்க, ஏன்னா யாரும் சேர்க்காத தெரு அங்க காலியாத்தான் இருக்கும். நாங்க ரெண்டு மதியம் உக்காந்து சந்து, கோயில், பஸ் ஸ்டாப் எல்லாம் சேர்த்தோம், அதுக்கப்புறம் தான் மக்களுக்குப் பிடிபட்டுச்சு. எங்ககிட்ட சில நூறு பின் தான், பல ஆயிரம் வந்தா இதே ஏற்பாடு தாங்குமான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஸ்மார்ட்போனே இல்லாதவங்களுக்கு மேப்பை பெரிய பேப்பர்ல ப்ரிண்ட் போட்டு ஸ்டிக்கர் ஒட்ட விட்டோம், ராத்திரி நான் அதை ஃபார்ம்ல ஏத்தினேன். வந்ததுலயே உருப்படியான தகவல் அந்தப் பேப்பர்ல இருந்து வந்ததுதான்னு சொன்னா டூல் சண்டை போடுறவங்களுக்குக் கோபம் வரும்.